அரை மணித்தியாலத்துக்கு ஒரு விசை

சென்ற மாதம் எனது பழைய அலுவலகத்திலிருந்து மயூரி தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே சேர்ந்த இளம் பொறியியலாளர் அவர். ஆற்று வெள்ளம் பற்றிய பழைய தரவுகளைப் புதிய கணினிக்கு மாற்றும் வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவற்றோடு நான் எழுதிய பழைய நிரல் ஒன்றும் அவர் கையில் அகப்பட்டிருக்கிறது.

"அன்ரி, உங்கட புரோகிராமில எல்லாம் விளங்குது. ஒரு கீ மட்டும் விளங்கேல்ல. அதை அமத்தினா ஒரு வரைபுக் கோடு அப்படியே வலப்பக்கம் நகருது. ஒவ்வொரு அமத்தலுக்கும் சரியா அரை மணித்தியாலம். ஏன் அரை மணித்தியாலம்? பத்து நிமிசம் எண்டு வைச்சிருந்தாலும் பரவாயில்லையே?"

"அது ஒரு ஆளுக்காக வைச்சது பிள்ளை."

"ஆருக்கு?"

தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். இப்போது எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை தரக்கூடிய பகுதி சிறிது. அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு வவுனியாவில் நீரளவு பார்க்கும் அலுவலகம் ஒன்றில் படவரைஞராகச் சேர்ந்தேன். வீடு நெளுக்குளத்தில். சைக்கிளில் போய் வருவேன். ஏழு வருடம் கட்டத்தாளில் கையால் வரைபு வரைந்தேன். பிறகு கொழும்பில் மூன்று மாதக் கணினிப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். மற்றவர்களுக்குக் கொழும்புக்குப் போக மனமில்லாததால் நான் போனேன். திரும்பி வந்து கொஞ்சக் காலத்தில் அலுவலகத்துக்கு ஒரு கணினி வந்தது. அதற்குத் தைத்துப் போட்ட உறையின் துணி என் பழைய சேலை.

கொழும்பில் கூடப் படித்த ஒருவர் ஒரு வரைபு நூலகத்தை வட்டில் பதிந்து தந்திருந்தார். நூலகம் என்றால், வரைபு வரைவதற்கென்று எவரோ எழுதிவைத்த கட்டளைகளின் தொகுப்பு. எண்களைக் கொடுத்தால் அச்சுகளையும் புள்ளிகளையும் கோட்டையும் அது வரைந்து தரும். அழகாகத்தான் வரைந்தது. ஆனால் வரைந்து முடித்ததும் அதன் வேலை முடிந்துவிடும். இந்தப் புள்ளியின் அளவு என்ன, நேரம் என்ன என்று கேட்டால் திரையில் அடிமட்டம் வைத்து அளந்துதான் பார்க்க வேண்டும். நான் முதலில் அப்படித்தான் பார்த்தேன். எங்கள் பொறியியலாளர் அதைக் கண்டுவிட்டு, "பிள்ளை, இத்தனை ஆயிரம் குடுத்து வாங்கின பெட்டிக்கு மேல அடிமட்டமோ?" என்றார்.

அந்தக் கேலி தைத்தது. நூலகத்துக்கு ஒரு துணை நிரல் எழுதத் தொடங்கினேன். அம்பு விசையை அழுத்தினால் ஒரு செங்குத்துக் கோடு வரைபின்மீது இடம் வலமாக நகர வேண்டும். அது நிற்கும் இடத்தின் நேரமும் நீர்மட்டமும் மூலையில் தெரிய வேண்டும். கேட்க எளிது. ஆனால் நூலகத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. அச்சுகளைத் திரையில் எங்கே வைத்தது என்பதை அது எனக்குச் சொல்லாது. ஆகவே எனக்குத் தெரிந்த எண்களைக் கொடுத்து, மூலைகளில் புள்ளி போட வைத்து, அவை திரையில் எத்தனையாவது புள்ளியில் விழுகின்றன என்று எண்ணிக் கண்டுபிடித்தேன். இடப்பக்கம் எழுபத்திரண்டு புள்ளிகளை அது ஓரமாக விட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க மூன்று கிழமை போனது.

அடுத்த தொல்லை, நகரும் கோடு தான் போன வழியெல்லாம் வரைபை அழித்துக்கொண்டே போனது. அதற்கு ஒரு வழி இருந்தது. திரையில் இருப்பதைத் தலைகீழாக்கி வரையும் முறை. கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். அதே கோட்டை அதே இடத்தில் இரண்டாம் முறை வரைந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இது வேலை செய்த அன்று அந்தக் கோட்டை நூறு தடவையாவது முன்னும் பின்னும் ஓட்டியிருப்பேன்.

எங்கள் பொறியியலாளர் அந்தத் துணை நிரலுக்கு வால் என்று பெயர் வைத்தார். நூலகத்துக்குப் பின்னால் தொங்குவதாம். "உம்மட வால் என்ன சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டுதான் காலையில் உள்ளே வருவார்.

அவர் பெயர் குலசேகரம். ஒழுங்கு பிசகாத மனிதர். காலை வானொலிச் செய்திக்கு முன்னால் வரும் மணியோசைக்குத் தன் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்து, அலுவலகத்துக்கு வந்ததும் கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டை அதற்கு ஒத்து வைப்பார். நான் எண்களைக் கணினியில் ஏற்றிய பிறகு அவற்றை உரத்து வாசிக்கச் சொல்லுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நீர்மட்டம் திடீரென ஏறி இறங்கினால் கண்ணைத் திறப்பார். அநேகமாக அங்கே நான் பிழை விட்டிருப்பேன். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபம் கூடக் கூட அவர் குரல் குறையும். சத்தம் போட்டதை நான் ஒருநாளும் கேட்கவில்லை, அதனால்தான் அவரிடம் எனக்குப் பயம்.

இனி வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆற்றில் இரண்டு இடங்களில் நீர்மட்டம் அளந்தோம். மேல் இடம் எங்கள் பக்கம், இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதியில். அங்கே தானாக எழுதும் கருவி இருந்தது. கீழ் இடம் போராளி இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த அந்தப் பக்கம், வன்னிக் காட்டோரத்தில். அங்கே ஆற்றில் நட்ட அளவுகோலை ஒரு மனிதர் பார்த்து எழுதினார். சாதாரண நாளில் மூன்று தரம். வெள்ள நாளில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம். வெள்ளத்தின் உச்சி மேல் இடத்திலிருந்து கீழ் இடத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் எங்களுக்குத் தேவை. அதை வைத்துத்தான் கீழே குளத்தின் கதவுகளை எப்போது திறப்பது என்று தீர்மானிப்பார்கள்.

கீழே அளந்தவர் மாரிமுத்து. எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். பன்னிரண்டு வருடமாக அமைய ஊழியர். அதாவது, நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. ஆற்றங்கரையில் அந்த வேலையோடு வந்த ஓர் அறை வீட்டில்தான் அவரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். வேறு காணி பூமி கிடையாது. அவருடைய படிவங்கள் சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கட்டாக வரும். சில வேளை ஆறு கிழமைப் படிவங்கள் ஒன்றாக, ஈரம் பட்டு வரும். முன்பக்கம் அவர் கையெழுத்து, முத்து முத்தாக. பின்பக்கம் முழுக்கச் சாவடி முத்திரைகள்.

தொண்ணூற்றெட்டு மாரி மழைக்குப் பிறகு, நீண்ட கால அமைய ஊழியர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் கேட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொருவரின் வேலையும் நம்பத்தகுந்தது என்று பொறியியலாளர் உறுதிப்படுத்த வேண்டும். அப்படி உறுதிப்படுத்த முடியாதவர்களின் இடம் மூடப்படும்.

"மாரிமுத்துவின்ர அளவுகளை உம்மட வாலிலை ஓட்டிப் பாரும். கையெழுத்துப் போட முதல் எனக்கு ஒருக்காத் தெரியவேணும்," என்றார் குலசேகரம் ஐயா.

ஓட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றாறு வரைக்கும் ஒவ்வொரு வெள்ளத்தின் உச்சியும் மேலிருந்து கீழே வர மூன்று மணித்தியாலம் எடுத்திருந்தது. அதற்குப் பிந்திய வெள்ளங்களில் இரண்டரை. பெரிய வெள்ளமானாலும் சின்ன வெள்ளமானாலும் இரண்டரைதான். கையால் வரைந்த காலத்தில் இது கண்ணில் படவே இல்லை. வால்தான் காட்டித் தந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். ஓடிப்போய் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஐந்து வெள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறு அதே ஆறு. தண்ணிக்கு என்ன, இப்ப அவசரமோ?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

"சாவடியாலை பற்றரி கொண்டுபோக விடுறேல்ல. டோர்ச்சுக்கே பற்றரி இல்லாத இடத்தில மணிக்கூடு எப்பிடி ஓடும்? மனுசன் நினைச்ச நேரம் போய்ப் பார்த்திட்டு, குத்துமதிப்பா நேரத்தைப் போடுறான். நீர் என்ன நினைக்கிறீர்?"

"ஓம் ஐயா. அப்பிடித்தான் இருக்கவேணும்," என்றேன்.

இதை நான் மறைக்கப் போவதில்லை. ஒத்து ஊதியது மட்டும் அல்ல, அறிக்கையின் முதற் பிரதியை எழுதியதும் நான்தான். "அளவீட்டு நேரங்கள் நம்பத்தகுந்தவையாக இல்லை" என்பது என் வாக்கியம். குத்துமதிப்பாகப் போடுகிறவர் ஒவ்வொரு வெள்ளத்திலும் அதே அரை மணித்தியாலம் எப்படிப் பிசகுவார் என்று கேட்கத் தோன்றவில்லை. என் நிரல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது என்பதிலேயே நான் நிறைந்திருந்தேன்.

அறிக்கையை அனுப்ப முன்னர் விளக்கம் கேட்க வேண்டும் என்பது விதி. ஐயா விதியை மீறுகிறவர் அல்ல. கடிதம் போனது. மூன்று கிழமை கழித்து மாரிமுத்து வந்தார். பாஸ் என்ற பயண அனுமதி எடுத்து, நடந்தும் உழவு யந்திரத்திலும் இரண்டு நாள் பயணம். வெள்ளைச் சட்டை, மடித்த சாரம், கையில் ஒரு உரப்பை. ஐயாவின் மேசைக்கு முன்னால் நின்றபடியே அந்தப் பையிலிருந்து துவாயால் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேசையில் வைத்து அவிழ்த்தார். மணிக்கூடு. சாவி கொடுக்கிற பழைய சாதி.

"ஏங்கிட்ட மணிக்கூடு இல்லேன்னு கடுதாசியில எழுதியிருந்தீங்க ஐயா. இது எங்கப்பாவோடது. தோட்டத்துலயிருந்து வரும்போது கொண்டாந்தது. இதுக்குப் பற்றரி வேணாங்க. தெனம் சாவி குடுப்பேன். சாவடியில கூட பின்மூடிய கழட்டிப் பார்த்துட்டுத்தான் குடுத்தாங்க."

மணிக்கூடு டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. ஐயா அதைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். சுவரில் பத்தரை. மேசையில் பத்து.

"அரை மணித்தியாலம் பிந்தி நிக்குது. இதை வைச்சோ இவ்வளவு காலமும் எழுதினனீர்?"

"பிந்தலீங்க ஐயா. அது பழைய நேரமுங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

மயூரிக்கு இது தெரிந்திருக்காது, சின்னப்பிள்ளையாக இருந்திருப்பார். தொண்ணூற்றாறில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம். பிறகு சில மாதத்தில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. அந்தப் பக்கம் அதை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. ஆக ஒரே ஆற்றின் மேல் பாதியில் ஒரு நேரம், கீழ் பாதியில் இன்னொரு நேரம். மேலே ஆறு மணிக்குப் புறப்பட்ட வெள்ளம் மூன்று மணித்தியாலம் ஓடிக் கீழே போய்ச் சேரும்போது எங்கள் சுவரில் ஒன்பது, மாரிமுத்துவின் மணிக்கூட்டில் எட்டரை. அவர் எட்டரை என்று எழுதினார். நான் கழித்துப் பார்த்து இரண்டரை என்றேன்.

வவுனியாவில் இருந்த உங்களுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாமல் என்ன? அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் பேச்சுக்குப் பேச்சு "பழசோ புதுசோ?" என்று கேட்பதுதான் வழக்கம். என் சொந்தத் தங்கையின் கலியாண அட்டையில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் இரண்டு நேரமும் அச்சடிக்கச் சொன்னவள் நானே. வீட்டில் இவ்வளவு கவனம். ஆனால் அரசாங்கப் படிவத்தில், "நேரம்" என்ற தலைப்பின் கீழ் ஓர் எண்ணைக் கண்டால் அது அரசாங்க நேரம் என்று மனம் எடுத்துக்கொண்டது. எனக்கும் ஐயாவுக்கும் ஒரே மாதிரி.

ஐயா விட்டுக்கொடுக்கவில்லை. குரல் இன்னும் இறங்கியது. "அரசாங்க ஊழியர் புதிய நேரத்தில எழுதவேணும் எண்டு சுற்றுநிருபம் வந்ததோ இல்லையோ?"

"வந்திச்சுங்க. ஆனா கொளத்துக் கதவு தெறக்கிறவரு பழைய நேரமுங்க. பள்ளிக்கூடம், ஆசுபத்திரி எல்லாமே அதுதான். தண்ணி ஏறுறப்ப நான் ஓடிப்போய் இத்தன மணிக்கு இத்தன அடின்னு அவருகிட்ட சொல்லணும். வாயில ஒரு நேரம், தாளுல ஒரு நேரம்னா ஒரு நா இல்ல ஒரு நா தப்பு வந்துடும். வந்தா ஊரே போயிடுமே ஐயா. அதான் அப்பவே ஒங்களுக்கு எழுதி அனுப்பிச்சேன்."

"எங்க எழுதினனீர்?"

"படிவத்துக்குப் பின்னாடிங்க."

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து பதிவறைக்குப் போனேன்.

பதிவறை அலுமாரியில் தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கட்டு மேல்தட்டில் இருந்தது. படிவங்களைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. சாவடி முத்திரைகளுக்கு இடையில் கிடைத்த வெற்றிடங்களில் எல்லாம் சின்ன எழுத்தில் குறிப்புகள் இருந்தன. 'யானை வந்து அளவுகோலைச் சாய்த்துவிட்டது. பழைய ஆணி அடையாளத்துக்கு நேராகத் திரும்பவும் நட்டேன்.' 'கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து ஆற்றங்கரையில் இருக்கிறது. படியில் உடுப்புத் தோய்ப்பதால் அலை. இரண்டு முறை பார்த்து எழுதினேன்.' 'மகளுக்கு மலேரியா. பத்து மணி அளவை மனைவி பார்த்தாள். சரியாகப் பார்ப்பாள்.' வருடக் கணக்கில் எங்களோடு ஒருவர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்.

தேடிய தாளும் கிடைத்தது. 'ஐயா அவர்களுக்கு, இங்கே எல்லாரும் பழைய நேரம். நானும் பழைய நேரத்திலேயே எழுதுகிறேன். மாற்ற வேண்டும் என்றால் அறிவிக்கவும். மாரிமுத்து.' தாளைத் திருப்பினேன். முன்பக்கத்தின் கீழே, பார்வையிட்டவர் என்ற இடத்தில், பச்சை மையில் என் சுருக்கக் கையொப்பம்.

அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, கிடைக்கவில்லை ஐயா என்று சொல்லலாம் என்ற எண்ணம் வந்தது. ஈரம் பட்டு வந்த கட்டு, ஒரு தாள் தொலைந்ததென்றால் யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அவருக்கு இருந்த ஒரே வீடு அந்தத் தாளில் இருந்தது. எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ தெரியாது. திரும்பி வந்தபோது மாரிமுத்து இன்னமும் நின்றுகொண்டுதான் இருந்தார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை.

ஐயா தாளை வாங்கிப் பின்பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். முன்பக்கத்தையும் பார்த்தார்.

"இந்தப் பச்சை மை?"

"நான்தான் ஐயா."

கண்ணாடியைத் துடைப்பார் என்று காத்திருந்தேன். அவர் துடைக்கவில்லை. எழுந்து, மேல் இட வரைபையும் கீழ் இட வரைபையும் அச்சடித்துத் தரச் சொன்னார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக யன்னல் கண்ணாடியில் வைத்து, கீழ் இடத்துத் தாளை மெதுவாக வலப்பக்கம் தள்ளினார். அரை மணித்தியாலம். உச்சிகளுக்கு இடையே சரியாக மூன்று மணித்தியாலம் வந்து நின்றது. அடுத்த வெள்ளம். அதுவும் மூன்று. ஐந்தும் மூன்று.

"இதைச் செய்ய உம்மட வாலுக்குத் தெரியாதோ?"

"தெரியாது ஐயா."

"படிப்பியும்."

பிறகு மாரிமுத்துவைப் பார்த்து, "இரும் மாரிமுத்து. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்," என்றார். அவர் கதிரையின் நுனியில் இருந்தார்.

அன்று பின்னேரம் ஐயா கடிதம் ஒன்றைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சுச் செய்தேன். "மேற்படி ஊழியர் எழுத்து மூலம் அறிவித்திருந்தும் எனது அலுவலகம் அதனை வாசிக்கத் தவறியது. அவரது அளவீடுகள் யாவும் நம்பத்தகுந்தவை." என் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "அலுவலகம் எண்டால் நான்தான். நீர் அடியும்," என்றார். என் அறிக்கையை நான் பார்த்துக்கொண்டிருக்கக் கிழித்துக் கூடையில் போட்டார்.

வாசலில் மாரிமுத்து மணிக்கூட்டைத் துவாயில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய், "என்னை மன்னிக்க வேணும், நான் பிழையா எழுதிப்போட்டன்," என்றேன்.

அவர் முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நீங்க ஒண்ணும் தப்பா எழுதலீங்க மிஸ். நான் எழுதினத வாசிக்கல. அவ்வளவுதான்."

அதில் கோபம் இல்லை. அளவு சொல்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு கிடைத்த பாராட்டுகள் ஒன்றும் நினைவில் இல்லை. இது இருக்கிறது.

அந்தக் கிழமையே அந்த விசையை எழுதினேன். ஓர் அழுத்தலுக்குக் கீழ் இடத்து வரைபு அரை மணித்தியாலம் வலப்பக்கம் நகரும். அதற்கு அடுத்ததாக இன்னொரு விசையும் எழுதினேன். மயூரி அதை இன்னும் அழுத்திப் பார்க்கவில்லை போலிருக்கிறது. நகரும் கோட்டை ஒரு புள்ளியில் நிறுத்தி அதை அழுத்தினால், அந்த நாளின் படிவத்தில் பின்பக்கம் எழுதியிருந்தது திரையின் அடியில் வரும். மூன்று வருடக் குறிப்புகளையும் ஒவ்வொன்றாக வாசித்துத் தட்டி முடிக்க நான்கு மாதம் எடுத்தது. ஐயா அவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். யானை வந்த இடத்தில் சிரித்தார். மகளுக்கு மலேரியா வந்த இடத்தில், "அடுத்த படிவத்தில பிள்ளைக்குச் சுகமெண்டு இருக்கோ பாரும்," என்றார். இருந்தது.

பட்டியல் அனுப்பி ஐந்து மாதம் கழித்து மாரிமுத்துவின் நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. கடமையேற்றதாக அவர் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அது சாவடிகளைத் தாண்டி வந்து சேர்ந்தபோது முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பினேன். முத்திரைகளைத் தவிர ஒன்றும் இல்லை. முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு ஐயாவின் மேசையில் வைத்தேன். அலுவலகப் படிவத்தில் ஒரு காற்புள்ளி கூடினாலும் சிவப்புப் பென்சிலால் வெட்டுகிற மனிதர். பென்சிலைக் கையில் எடுத்தார், வாசித்தார், பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனையால் கையெழுத்துப் போட்டார்.

கடமையேற்ற நேரம் என்ற கட்டத்துக்குள் எழுத்துகள் அடங்காமல் வெளியே வந்திருந்தன. முத்து முத்தான அதே கையெழுத்து, ஆனால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிது: காலை எட்டு மணி, பழைய நேரம்.